செடித் தொட்டியில் அடிமீன்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செடி வைத்த நன்னீர்த் தொட்டி, அதில் அடியில் திரியும் மீன்கள். இதைப் பற்றி வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்தும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே பதிலைப் போட்டிருக்கிறேன். வெளிநாட்டுக் குறிப்புகளில் ஹீட்டர் பூட்டுவது எப்படி என்று பக்கம் பக்கமாக இருக்கும். கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் 32 பாகைக்கு ஏறிய தொட்டியை என்ன செய்வது என்று தேடினால் கிடைப்பது குறைவு.

அடிமீன் எண்டால் எது எது? கடையிலை எல்லாத்தையும் "கிளீனர்" எண்டுதான் சொல்லுறாங்கள்.

இங்கே கடைகளில் பொதுவாகக் கிடைப்பவை நாலைந்து வகைதான். கோரிடோராஸ் (சுருக்கமாகக் கோரி), குஹ்லி லோச், கிளவுன் லோச், பிரிஸ்டில்நோஸ், பிறகு எல்லோருக்கும் தெரிந்த சக்கர் மீன். வாய் கீழ்ப்பக்கம் பார்த்திருக்கும், வயிறு தட்டையாக இருக்கும், பலவற்றுக்கு மீசை இருக்கும்.

எங்கள் சூட்டுக்குத் தோதானவை வெண்கலக் கோரி, ஸ்டெர்பாய் கோரி, குஹ்லி லோச். பாண்டா கோரியும் பெப்பர் கோரியும் குளிர்ந்த நீரை விரும்புபவை. ஏசி இல்லாத வீட்டில் அவற்றைக் கஷ்டப்படுத்த வேண்டாம். கிளவுன் லோச் சூட்டைத் தாங்கும், ஆனால் 30 சென்ரிமீற்றர் வரை வளரும். இரண்டடித் தொட்டிக்கு அது ஆகாது. சக்கர் மீனைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

அடிமீன் போட்டால் தொட்டி கழுவத் தேவையில்லையாமே?

தேவை. இன்னும் கூடத் தேவை. கோரி பாசியைத் தின்னாது, மற்ற மீன்களின் கழிவையும் தின்னாது. அது தின்பது அடியில் விழும் நல்ல தீனியை. பந்தி முடிந்த பிறகு எச்சில் இலை எடுக்க வந்த ஆளாக அதை நினைக்கக் கூடாது. அதுவும் இலை போட்டு உட்கார வேண்டிய விருந்தாளிதான்.

அழுக்கு எல்லாம் போய்ச் சேரும் இடம் தொட்டியின் அடி. அடிமீன் இருபத்துநாலு மணி நேரமும் வயிற்றையும் மீசையையும் அதிலேதான் வைத்திருக்கிறது. நடுத்தண்ணீரில் நீந்தும் கப்பிக்குத் தெரியாத அழுக்கு கோரிக்கு முதலில் தெரியும். கீழே வரும் வியாதிக் கேள்விகள் பலவற்றுக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

எங்கட கிணத்துத் தண்ணி கொஞ்சம் சவர். கேத்தில்லை வெள்ளையாப் படியும். இதிலை மீன் இருக்குமோ?

சவரும் கடினமும் ஒன்றல்ல, முதலில் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேத்திலில் வெள்ளைப் படிவு விழுவது கல்சியம், மக்னீசியத்தால். அது கடினநீர். நாக்கில் உப்புக் கரித்தால் அது சவர். கடினநீரை வெண்கலக் கோரி ஓரளவுக்குத் தாங்கும், மெல்ல மெல்லப் பழகும். உப்பு கரிக்கும் நீர் கோரிக்கும் லோச்சுக்கும் சரிவராது. கடற்கரையை அண்டிய கிணறுகளில் கோடையில் உப்பு ஏறும். மாரியில் நன்றாக இருந்த தண்ணீர் ஆவணியில் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

கலந்து பாவிப்பதுதான் வழி. ஊர்களில் இப்போது ஆர்.ஓ. வடிகட்டி நிலையங்கள் இருக்கின்றன. அந்தத் தண்ணீரில் பாதி, கிணற்றுத் தண்ணீரில் பாதி என்று தொடங்குங்கள். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவது தவறு. அதில் தாதுப்பு அநேகமாக இல்லை, பி.எச். (நீரின் அமில, கார அளவு) நிலைத்து நிற்காது, செடிக்கும் கல்சியம் கிடைக்காது. மழைநீரும் நல்லது. ஆனால் மாரியின் முதல் மழையில் கூரைத் தூசியும் காக்கை எச்சமும் கழுவி வரும். அதை ஓட விட்டு அடுத்த மழையைப் பிடியுங்கள்.

குழாய்க்கிணற்றுத் தண்ணீரை இறைத்த கையோடு ஊற்றக் கூடாது. நிலத்தடி நீரில் ஒட்சிசன் குறைவாகவும் காபனீரொட்சைட்டு கூடுதலாகவும் இருப்பது வழமை. ஒரு வாளியில் காற்றுக்கல் போட்டு இரவு முழுக்க வைத்து, காலையில் ஊற்றுங்கள்.

பவுசர் தண்ணி, குழாய்த் தண்ணி?

குளோரின் இருக்கும். வாளியில் காற்றுக்கல் போட்டு ஒரு நாள் வைத்தால் போய்விடும். அவசரம் என்றால் கடையில் விற்கும் குளோரின் நீக்கி சில துளி போதும். பவுசர் வந்த அன்று குளோரின் கூடுதலாக மணந்தால் இரண்டு நாள் பொறுங்கள்.

அடியிலை மணல் போடுறதோ, கல் போடுறதோ? கலர்க் கல்லு வடிவா இருக்குது.

மணல். கோரி மணலை வாயால் அள்ளி, தீனியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியாக விடும். ஒருநாள் கிட்ட இருந்து பாருங்கள்: கண் வரைக்கும் முகத்தைப் புதைத்து எடுக்கும்போது இரண்டு செவுள் பக்கத்தாலும் மணல் மெல்லிய தூளாகக் கொட்டும். கல்லில் இதைச் செய்ய முடியாது. குஹ்லி லோச் மணலுக்குள் புகுந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும். கலர்க் கல் இரண்டு விதத்தில் கூடாது. ஓரம் கூராக இருந்தால் மீசையை அறுக்கும். இடைவெளிக்குள் தீனி இறங்கி அழுகும்.

வீடு கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணல் போதும். அரித்து, தெளிந்த நீர் வரும் வரை கழுவுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், அதில் சிப்பித் தூள் இருக்கும். சந்தேகம் என்றால் ஒரு கரண்டி காய்ந்த மணலில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரை இன்னும் கடினமாக்கும்.

உயரம் 3 முதல் 5 சென்ரிமீற்றர். அதற்கு மேல் போனால் அடியில் காற்றுப் படாமல் கறுத்து, கிளறும்போது கூழ்முட்டை மணம் வரும். அது ஐதரசன் சல்பைட்டு, மீனைக் கொல்லும். செடி வேரும், மணலுக்குள் ஊரும் கூர்ச் சுருள் நத்தைகளும் மணலை இளக்கி வைக்கும். அந்த நத்தையைக் கண்டால் பொறுக்கி எறியாதீர்கள். அது பெருகுகிறது என்றால் நீங்கள் தீனி கூடப் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

வயல் மண்ணைக் கீழை போட்டு மேலை மணல் போட்டால் செடி நல்லா வருமாம். உண்மையோ?

வரும். ஆனால் எந்த வயல் மண்? களைநாசினியும் பூச்சிநாசினியும் அடித்த வயல் என்றால் தொட வேண்டாம். அந்த நஞ்சு மீனுக்கு மிகச் சிறிய அளவிலேயே போதும். வாய்க்காலில் பிடுங்கிய செடிக்கும் இதே எச்சரிக்கைதான். எனக்குக் கேட்டால், மணலோடு நிறுத்திவிட்டு, செடியின் வேரடியில் உரக் குளிசை ஒன்றைப் புதைப்பது நிம்மதி.

செடி நட்டால் கோரி பிடுங்கிப் போடுது. என்ன செடி வைக்கலாம்?

புதிதாக நட்டதை எல்லா அடிமீனும் கிளப்பும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மணலில் நடாத செடி. ஜாவா ஃபேர்ன், அனுபியாஸ் இரண்டையும் மரக்கட்டையில் நூலால் கட்டுங்கள். வேர்த்தண்டைப் புதைத்தால் அழுகும். மற்றது, ஆழ வேர் விடும் செடி. க்ரிப்டோகொரைன் வென்டி, பெக்கெட்டி இரண்டும் இலங்கைக்கே உரிய இனங்கள். உலகம் முழுக்கத் தொட்டிகளில் வளர்கிறது, நாங்கள் வெளிநாட்டுச் செடி தேடிக்கொண்டு திரிகிறோம்! நட்ட புதிதில் இலை எல்லாம் கரைந்து கொட்டும். செத்தது என்று பிடுங்கி விடாதீர்கள், வேரிலிருந்து திரும்ப வரும். கரைந்த இலையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

வேர் பிடிக்கும் வரை செடியைச் சுற்றி நாலு உருண்டைக் கல்லை வைத்தால் கோரி தோண்டாது. வலிஸ்நேரியாவும் எங்கள் கடினநீரில் நன்றாக ஓடும்.

ஒண்டு வாங்கிப் பார்ப்பம் எண்டு நினைக்கிறன். பிறகு கூட்டலாம்தானே?

ஒன்று வாங்காதீர்கள். கோரியும் குஹ்லியும் கூட்டமாக வாழ்பவை. ஒற்றையாக விட்டால் மூலையில் பதுங்கி, தின்னாமல் மெலியும். ஒரே வகையில் ஆறு வாங்குங்கள். மூன்று இதில் மூன்று அதில் என்று கலப்பது கணக்குக்கு ஆறு, மீனுக்கு ஆறல்ல. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் சுமார் 55 லீற்றர் பிடிக்கும். அதில் ஆறு வெண்கலக் கோரியும் மேலே ஒரு சிறு கூட்டமும் தாராளம். பிரிஸ்டில்நோஸ் மட்டும் ஒன்று போதும்.

என்ன சாப்பாடு குடுக்கிறது? பாண் தூள் போடுறனான்.

பாண், சோறு, பிஸ்கற் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அடியில் ஊறிப் புளித்துத் தண்ணீரைக் கெடுப்பதைத் தவிர வேறு பலன் இல்லை. மூழ்கும் குளிசைத் தீனி வாங்குங்கள். லைற் அணைத்த பிறகு போடுங்கள், மேல்மீன்கள் அதற்குள் அடங்கியிருக்கும். காலையில் மிச்சம் கிடந்தால் அளவு கூடிவிட்டது. வாரத்தில் ஒருநாள் ஒன்றும் போட வேண்டாம்.

பிரிஸ்டில்நோஸுக்கு இலேசாக அவித்த பூசணித் துண்டு, வெள்ளரி, கீரை கொடுக்கலாம். அடுத்த நாள் காலை மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். அதற்கு ஒரு மரக்கட்டையும் தேவை, கட்டையை உரசித் தின்னும்.

நுளம்புக் குடம்பி பிடிச்சுப் போடலாமோ?

மீனுக்கு நல்ல தீனி. ஆனால் அதற்கென்று முற்றத்தில் வாளி வைத்து வளர்க்க வேண்டாம். டெங்கு நுளம்பும் அதே வாளிக்குத்தான் வரும், பின்னால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வருவார். தானாகக் கண்டதை வலையால் அள்ளிப் போட்டுவிட்டு வாளியைக் கவிழ்த்து விடுங்கள்.

கோரி திடீரெண்டு மேலை ஓடி வந்து வாயைத் திறந்திட்டு ஓடுது. மூச்சுத் திணறுதோ?

எப்போதாவது ஒருமுறை என்றால் அது இயல்பு. கோரி மேலே வந்து காற்றை விழுங்கும், குடலின் பின்பகுதியால் அந்த ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். காய்ந்து சுருங்கும் நீர்நிலைகளில் பிழைக்க அதற்குக் கிடைத்த வசதி அது. அதனால் தண்ணீருக்கும் தொட்டி மூடிக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

எல்லாக் கோரியும் நிமிடத்துக்கு நிமிடம் ஓடினால், அல்லது கப்பியும் மேலே வந்து வாயைப் பிளந்தால், ஒட்சிசன் குறைந்துவிட்டது. அதற்கு அடுத்த பதில்.

வெயில் காலத்திலை தண்ணி 32, 33 எண்டு காட்டுது. ஐஸ் போடட்டோ?

ஐஸ் கட்டியை நேரே போடாதீர்கள். சட்டென்று இறங்கி, உருகியவுடன் சட்டென்று ஏறும், சூட்டை விட அந்த ஏற்ற இறக்கம் கெடுதல். சூட்டால் வரும் முதல் சிக்கல் ஒட்சிசன். 25 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 32 பாகையில் 7.3தான். அதே சூட்டில் மீனுக்குத் தேவை கூடுகிறது. இரவில் செடியும் ஒட்சிசனை எடுக்கும். ஆகவே அதிகாலைதான் ஆபத்தான நேரம். "இரவு நல்லா இருந்தது, விடிய செத்துக் கிடக்குது" என்று சொல்பவர்கள் பலருக்கும் நடந்தது இதுதான். இரவு முழுக்கக் காற்றுக்கல் ஓடட்டும். செடிக்கென்று காபனீரொட்சைட்டு விடுபவர்கள் லைற் அணையும்போதே அதையும் நிறுத்துங்கள்.

சூட்டைக் குறைக்க, மூடியைக் கழற்றி வலை போட்டு, சிறிய மின்விசிறியை நீர்மட்டத்துக்கு மேலால் ஊதும்படி வையுங்கள். கச்சான் காலத்து உலர்ந்த காற்றில் இரண்டு மூன்று பாகை இறங்கும். தொட்டியைத் தகரக் கூரைக்குக் கீழ், மேற்குச் சுவரோடு வைத்திருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: விசிறி போட்டால் தண்ணீர் ஆவியாகும், உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கும். குறைந்ததை ஈடுசெய்யக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு போனால் கோடை முடிவில் தொட்டி நீர் கிணற்றை விடக் கடினமாகிவிடும். ஆவியானதற்கு ஆர்.ஓ. நீர் அல்லது மழைநீர். மாற்றும் தண்ணீருக்கு மட்டும் மேலே சொன்ன கலவை.

கரண்ட் போனால் என்ன செய்யிறது?

பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப், அல்லது பவர் பாங்கில் செருகும் யூ.எஸ்.பி. பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அதுவும் இல்லையென்றால் ஒரு கோப்பையால் தொட்டி நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள். தீனி போடாதீர்கள். மூடியுள்ள வெளி ஃபில்டர் பல மணி நேரம் நின்றுவிட்டால், கரண்ட் வந்ததும் அப்படியே ஓட விடக் கூடாது. உள்ளே தேங்கி அழுகிய நீர் தொட்டிக்குள் வரும். அந்த நீரை வெளியே ஊற்றிவிட்டு, பஞ்சைத் தொட்டி நீரில் அலசிப் பூட்டுங்கள்.

மீசை தேஞ்சு கட்டையாப் போச்சு. மருந்து இருக்கோ?

மருந்து உங்கள் கையில் இருக்கும் குழாய். கூரான கல் ஒரு காரணம் என்று முன்பே சொன்னேன். மென்மையான மணல் இருந்தும் தேய்ந்தால், அழுக்கு மணலில் பெருகிய பக்டீரியாதான் பெரும்பாலும். வாரம் ஒருமுறை குழாயால் அடியை உறிஞ்சி, கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள். செடி இல்லாத இடத்தில் மணலை விரலால் மெல்லக் கிளறுங்கள். மீசையின் அடி மிஞ்சியிருந்தால் திரும்ப வளரும்.

மாரி தொடங்கினவுடனை வெள்ளைப் புள்ளி வருது. உப்பும் மஞ்சளும் போடலாமோ?

மழை விழுந்து ஓரிரவில் நாலைந்து பாகை இறங்கும்போது மீனின் எதிர்ப்புச் சக்தி குறைகிறது. கடையிலிருந்து வந்த புது மீனோடு ஒட்டுண்ணியும் வந்திருந்தால் அப்போது தலைகாட்டும். புள்ளியாக மீனில் தெரிவது முற்றியதும் உதிர்ந்து அடியில் விழுந்து, ஒன்று நூற்றுக்கணக்காகப் பிரிந்து, புது மீனைத் தேடி நீந்தும். மருந்து பிடிப்பது அந்த நீந்தும் கட்டத்தில்தான். ஆகவே புள்ளி மறைந்தவுடன் மருந்தை நிறுத்தினால் திரும்ப வரும். தினமும் அடியை உறிஞ்சினால் பாதி வேலை முடிந்தது.

லோச்சுக்குச் செதில் மிக நுண்ணியது, கோரிக்கு எலும்புத் தகடு. இரண்டுமே மலகைற் கிரீன், செம்பு போன்ற மருந்துகளைத் தாங்குவது கடினம். போத்தலில் எழுதியதில் பாதி அளவில் தொடங்குங்கள். ஹீட்டர் இருந்தால் மெதுவாக 30 பாகைக்கு ஏற்றி, காற்றைக் கூட்டி, இரண்டு வாரம் வைத்திருப்பது நல்லது. கைநிறைய உப்பு லோச்சையும் செடியையும் சேர்த்து வாட்டும். மஞ்சள் கறிக்கு. கொண்டிஸும் (பொற்றாசியம் பரமங்கனேற்று) நீல மருந்தும் (மெதிலீன் நீலம்) ஃபில்டரில் வாழும் நல்ல பக்டீரியாவைக் கொல்லும், பிரதான தொட்டியில் விடாதீர்கள்.

கோரி வலையிலை கொழுவிட்டுது. இழுக்கட்டோ?

இழுக்காதீர்கள். பக்கச் செட்டை முள்ளை விறைப்பாகப் பூட்டியிருக்கும். வலையோடு தண்ணீரில் விடுங்கள், தானாகக் கழற்றும். கழற்றாவிட்டால் வலை நூலை வெட்டுங்கள், முள்ளை அல்ல. அடுத்த முறை கோப்பையால் பிடியுங்கள். முள் குத்தினால் நன்றாகக் கடுக்கும்.

தண்ணி பளிங்கு மாதிரி இருக்குது, ஆனா அடிமீன் ஒவ்வொண்டாச் சாகுது. மேல்மீனுக்கு ஒண்டுமில்லை. ஏன்?

தெளிவு கண்ணுக்கு. மீன் கழிவிலும் அழுகும் தீனியிலும் இருந்து வரும் அமோனியாவுக்கு நிறம் இல்லை. முதலில் தொட்டியின் வயதைப் பாருங்கள். புதுத் தொட்டியில் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியா நிலைக்க மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவியவர்களும் திரும்ப முதலாம் நாளுக்குப் போய்விடுகிறார்கள்.

எங்கள் ஊரில் இது ஏன் கடுமை என்றால், அமோனியாவின் நச்சு வடிவம் பி.எச். கூடக் கூடவும் சூடு கூடக் கூடவும் பெருகும். பி.எச். 7, 25 பாகையில் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பங்குதான் நச்சு. பி.எச். 8, 30 பாகையில் நூற்றுக்கு 7 அளவில். அதே அழுக்கு, பத்து மடங்குக்கு மேல் நஞ்சு. சோதனைக் கிற் வாங்கி அமோனியா, நைத்திரைற் இரண்டும் பூச்சியம்தானா என்று பாருங்கள். பூச்சியம் என்றால் மணலைச் சந்தேகியுங்கள்: ஒரு மூலையைக் கிளறிக் கறுப்பா, மணமா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால், செத்த மீனின் வயிறு ஒட்டியிருந்ததா? அப்படியானால் மேல்மீன் தீனியை முடித்துவிடுகிறது, அடிமீன் பட்டினி.

குளத்திலை அயிரை பிடிச்சுப் போடலாமோ? காசு கொடுத்து ஏன் வாங்க வேணும்?

நல்ல கேள்வி. எங்கள் நீருக்கும் சூட்டுக்கும் பழகிய அடிமீன் அயிரை, மணலில் புதைந்து விளையாடும், சின்னது. வயல் வாய்க்காலில் மருந்தடித்த காலத்தில் பிடிக்காதீர்கள். கொண்டுவந்ததைத் தனித் தொட்டியில் மூன்று நாலு வாரம் வைத்துப் பாருங்கள், குளத்து மீனில் ஒட்டுண்ணி இருக்கும். உளுவையையும் கெளுத்தியையும் சேர்த்துப் போட்டால் கப்பி மிஞ்சாது.

சக்கர் ஒரு அடிக்கு வளந்திட்டுது. இரணைமடுவிலை விட்டால் பாவம் பிழைச்சுப் போகும்தானே?

பிழைக்கும், அதுதான் சிக்கல். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் இலங்கையின் நீர்த்தேக்கங்களில் ஏற்கனவே ஆக்கிரமிப்பு இனமாகப் பரவியிருக்கிறது. காற்றை விழுங்கி மோசமான தண்ணீரிலும் உயிர் வாழும், கரையில் வளை தோண்டி முட்டையிடும், முள் செட்டையால் மீனவரின் வலையைக் கிழிக்கும். சந்தையில் வாங்க ஆளில்லை. இரணைமடுவோ முத்தையன்கட்டோ வீட்டுக்குப் பின்னால் உள்ள சிறு குளமோ, விடக் கூடாது. மாரியில் வான் பாயும்போது ஒரு குளத்து மீன் அடுத்ததுக்கும் போய்விடும்.

வாங்கிய கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். மூடிய சீமெந்துத் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கலாம். இன்னும் வாங்காதவர்கள் அதற்குப் பதில் பிரிஸ்டில்நோஸ் வாங்குங்கள். பாசி தின்னும், 15 சென்ரிமீற்றரைத் தாண்டாது. குஞ்சில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். முதுகுச் செட்டை பாய்மரம் போல் உயர்ந்து, உடலில் சிறுத்தைப் புள்ளி இருந்தால் அது சக்கர். கடைக்காரர் என்ன பெயர் சொன்னாலும் அதை வாங்காதீர்கள்.